கூலர் குழாய் கழன்ற நாள்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கிரீஸ் ஒட்டும். இதில் உட்காருங்கள். பிரேக்கை மிதித்தால் கிறீச்சென்கிறது, அவ்வளவுதானே? பார்த்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் ஆகும் என்றார்களா? அப்படியானால் இரண்டு மணி நேரம்.

உள்ளே வண்டிப் பக்கம் இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்களே, வேலை எப்போது நடக்கும் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் சொல்லவில்லை, உங்கள் முகம் சொல்கிறது. பேசட்டும் சார். அவர்கள் பேச ஆரம்பித்து இன்றோடு இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது. அதற்கு முன் பதினோரு வருடம் பேசவில்லை.

ஆமாம், அந்த இரண்டு பேர்தான். படுத்திருப்பவர் என் வீட்டுக்காரர், தவசிமுத்து. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பவன் என் தம்பி, இசக்கிதுரை. என் பெயர் பரிபூரணம். இந்த மேஜை என்னுடையது. போன் எடுப்பது, வண்டி நம்பர் எழுதுவது, நாளைக்கு முடிந்துவிடும் என்று பொய் சொல்வது எல்லாம் நான்தான்.

ஒரே ஷெட்டில் பதினோரு வருடம் பேசாமல் எப்படி வேலை பார்த்தார்கள் என்று கேட்கிறீர்களா? என் வழியாகத்தான்.

சண்டை என்றால் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஒரு டாக்டரின் கார் ஆயில் மாற்ற வந்தது. பழைய ஆயிலை வடிக்க அடியில் ஒரு நட்டு இருக்கும். அதைக் கழற்றி, வடித்து, திரும்ப முடுக்கி, மேலே புது ஆயில் ஊற்ற வேண்டும். எங்கள் ஷெட்டில் கழற்றியவன்தான் முடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். துரை கழற்றினான். கையால் திருகி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். இவர், என் வீட்டுக்காரர், வந்து பார்த்தார், நட்டு இருந்தது, ஆயிலை ஊற்றினார். டாக்டர் திருச்செந்தூருக்குக் கிளம்பினார். ஆத்தூர் தாண்டியதும் நட்டு விழுந்து, ஆயில் முழுதும் ரோட்டில் போய், எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. டாக்டர் மிச்ச தூரத்துக்கு ஆட்டோவில் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தார்.

"கழத்துனவன்தான் முடுக்கணும்" என்றார் இவர். "ஊத்துறவன் ஒரு தடவ தொட்டுப் பாத்திருக்கணும்லா" என்றான் அவன். இரண்டும் சரிதான். இரண்டு சரியான பேச்சு மோதினால் அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அன்று சாயங்காலம் துரை என்னிடம் சொன்னான், "இனிமே அத்தான்கிட்ட நான் பேசல." நான் போய் இவரிடம் சொன்னேன். "அவன்ட்ட சொல்லு, நானும் பேசல" என்றார். திரும்பிப் போய்ச் சொன்னேன். நான் கொண்டுபோன முதல் சேதி அதுதான்.

பிரிந்து போயிருக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கே போவது? ஷெட் எங்கள் அப்பாவின் இடம். எஞ்சினில் கை வைக்க இவரை விட்டால் ஆள் இல்லை, அடிவேலைக்கும் பிரேக்குக்கும் அவனை விட்டால் ஆள் இல்லை. அவன் கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. சாப்பாடு ஷெட்டுக்குப் பின்னால் எங்கள் வீட்டில்தான். ஆகவே அவர் அந்தக் கோடியில் எஞ்சினோடு, அவன் இந்தக் கோடியில் சக்கரத்தோடு, நடுவில் கம்பரசர், அதற்குப் பக்கத்தில் என் மேஜை. கம்பரசர் ஓடும்போது அங்கே பேசுவது இங்கே கேட்காது. எனக்கு இரண்டு பக்கமும் கேட்கும்.

"பூரணம், அவன்ட்ட பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா கேளு." கேட்பேன். "இருக்குன்னு சொல்லுக்கா. குடுத்தா திரும்பி வருமான்னும் கேளு." இதில் முதல் பாதியை மட்டும் கொண்டுபோவேன்.

நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள் சார். தூது விடுவதற்கு உரியவை பத்து என்று பாடம். அன்னம், மயில், கிளி, மைனா, குயில், வண்டு, மேகம், தென்றல், நெஞ்சு, தோழி. இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பத்தில் மனைவி கிடையாது, அக்காவும் கிடையாது. காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அன்னமும் மேகமும் ஒருமுறை போனால் போனதுதான். நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை போய் வந்தேன்.

அலுப்பாக இருக்கவில்லையா என்கிறீர்களா? இருந்தது. கால் வலித்தது. ஆனால் நான் ஒரு சொல்லைக்கூடக் கீழே போட்டதில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எந்த வருடம் எந்த வண்டிக்கு யார் என்ன சொன்னார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். ஒன்றே ஒன்று, சேதியைக் கொஞ்சம் திருத்துவேன். "அந்தக் கழுதைகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தால் கழுதையை எடுத்துவிடுவேன். "பெரிய இவர்னு நினைப்பு" என்று முடிந்தால் அதையும் எடுத்துவிடுவேன். ஒருமுறை இவருக்கு நான்கு நாள் காய்ச்சல். துரை வாசலில் நின்று, "அத்தானுக்கு எப்பிடி இருக்கு, நான் வேணா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேளு" என்றான். நான் இவரிடம் போய், "அந்த வேன் எஞ்சின் என்னைக்கு முடியும்னு துரை கேக்கான்" என்றேன். காய்ச்சல்காரரிடம் அதிகம் பேசக் கூடாது இல்லையா. கசப்பையும் எடுத்துவிடுவேன், இனிப்பையும் எடுத்துவிடுவேன். வேலைக்கு வேண்டியது மட்டும் போய்ச் சேரும். ஷெட் ஓடியது.

சாப்பாடும் அப்படித்தான். மத்தியானம் முதலில் இவர் வருவார். தட்டில் சோறு வைத்துவிட்டு எதிரே உட்காருவேன். வேறு யாரும் இல்லாததால் என்னிடம் பேசுவார். கடற்கரை ரோட்டில் இறந்து கிடந்த ஆமையைப் பற்றி, சின்ன வயதில் பயந்த ஒரு கிணற்றைப் பற்றி, கல்யாணத்தன்று நான் என்ன நிறச் சேலை கட்டியிருந்தேன் என்பதைப் பற்றி. நிறம் தப்பாகத்தான் சொல்வார். அவர் கை கழுவிக்கொண்டு போனதும் துரை வருவான். அவன் வேறு கதை சொல்வான். இரண்டு பந்தி. இரண்டு தடவை ரசம் சூடு பண்ண வேண்டும். எவ்வளவு வேலை என்று பாருங்கள்.

சண்டைக்கு முன்னால் ஒரே பந்திதான். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கியர் பெட்டியைப் பற்றிப் பேசுவார்கள். எட்டு வருடம் கியர் பெட்டி. என் பக்கம் தட்டை நகர்த்துவார்கள், நான் சோறு வைப்பேன். "உப்பு" என்பார்கள், உப்பை வைப்பேன். பிள்ளையும் இல்லை, வீட்டில் வேறு சத்தமும் இல்லை. அதனால் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. புத்தகம் வாசிப்பேன்.

சரி, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

சண்டை நடந்து மூன்றாவது மாதம். ஐப்பசி மழை. துரை அடுப்படிக் கதவுப் பக்கம் வந்து நின்றான். தலையெல்லாம் ஈரம். "அக்கா, அத்தான்கிட்ட சொல்லிரு. அன்னைக்கு நான்தான் முடுக்காமப் போனேன். தப்பு என்னுது. அவ்வளவுதான்" என்றான். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டான்.

அப்போது இவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லக்கூடிய விஷயமா அது? மறுநாள் இவருக்குப் பல்வலி. அடுத்த வாரம் கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். அப்புறம் தை பிறந்துவிட்டது. நல்ல சேதியை நல்ல நேரம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வருடம் போனபிறகு சொல்வது இன்னும் கஷ்டம். பழைய மன்னிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். அத்தான் என்ன சொன்னார் என்று துரையும் ஒருநாளும் கேட்கவில்லை. அவனே கேட்காதபோது நான் ஏன் கிளற வேண்டும்?

இப்போது அந்தக் குழாய்க்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

ஒரு உப்பளத்துக்காரருடைய வண்டி. பெரிய டீசல் வண்டி, எஞ்சின் உள்ளே தட்டுகிறது. எஞ்சினை முழுதாக வெளியே எடுத்தால்தான் பார்க்க முடியும். இவர் இரண்டு நாளாக எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். பெல்ட், வயர், ரப்பர் குழாய், கியர் பெட்டி, எல்லாம். எஞ்சினைத் தூக்குகிற செயின் பிளாக்கை மேலே மாட்டியாயிற்று. மிஞ்சியது ஆயில் கூலருக்குப் போகிற இரண்டு குழாய்.

ஆயில் கூலர் தெரியுமா? வண்டிக்கு முன்னால் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அலுமினியப் பெட்டி. எஞ்சினுக்குள் சுற்றிச் சுற்றிக் கொதித்த ஆயில் ஒரு குழாய் வழியாக அங்கே போகும். காற்றில் ஆறும். இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். குழாயின் முனையில் இரும்பு நட்டு, அது அலுமினியக் கழுத்தில் ஏறி இறுகியிருக்கும். சாதாரண வண்டியில் இரண்டு நிமிட வேலை. இது உப்பளத்து வண்டி. பத்து வருடம் உப்புத் தண்ணீரில் ஓடியது. நட்டும் கழுத்தும் ஒன்றாகி, எது இரும்பு எது அலுமினியம் என்று தெரியாமல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது.

இவர் துருவை இளக்குகிற எண்ணெய் அடித்து ஒரு பகல் ஊற வைத்தார். தட்டிப் பார்த்தார். ஸ்பேனர் போட்டு இழுத்தார், நட்டின் மூலை மழுங்கியதுதான் மிச்சம். இன்னும் பலமாக இழுத்தால் நட்டு சுற்றாது, கழுத்து சுற்றும். கழுத்து சுற்றினால் அலுமினியம் கிழிந்துவிடும். அந்தக் கூலர் இப்போது எங்கேயும் வருவதில்லை, கம்பெனி அந்த வண்டியையே நிறுத்திவிட்டது. கழுத்தை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை இன்னொரு ஸ்பேனரால் திருப்ப வேண்டும். கழுத்து மேலேயிருந்து கை நுழைத்தால்தான் எட்டும். நட்டு கீழே படுத்தால்தான் எட்டும். ஒரு ஆளால் முடியாது.

"பூரணம், உன் தம்பியக் கூப்பிடு" என்றார் கீழேயிருந்து.

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே வண்டியில் கை வைத்தார்கள். இவர் அடியில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிறார். அவன் மேலே பானெட்டுக்குள் குனிந்திருக்கிறான். நடுவில் ஒரு முழம் இருக்குமா? நான் வண்டிக்கு முன்னால், கூலருக்கு எதிரே நிற்கிறேன். கம்பரசரை நிறுத்தியிருந்தார்கள். பதினோரு வருடத்தில் அதுவும் அன்றுதான்.

"அவனக் கெட்டியாப் பிடிக்கச் சொல்லு."

"துரை, அத்தான் உன்னைக் கெட்டியாப் பிடிச்சுக்கிடச் சொல்லுதாவ" என்றேன்.

எண்ணிப் பாருங்கள், ஆறு சொல். நான் நான்காவதில் இருக்கும்போதே இவர் இழுத்துவிட்டார். ஸ்பேனர் நழுவி விரல் முட்டி போய்ச் சட்டத்தில் இடித்தது. கீழேயிருந்து ஒரு வார்த்தை வந்தது. அதை உங்களிடம் சொல்ல மாட்டேன். துரையிடமும் சொல்லவில்லை. "அத்தானுக்குக் கையில லேசாப் பட்டுருக்கு" என்றேன்.

"கேட்டுச்சு" என்றான் துரை.

அவனுக்குக் கேட்கத்தான் செய்யும். ஆனால் பாருங்கள், கேட்பது வேறு, சொல்வது வேறு. நான் சொன்னால்தான் சொன்னதாகும். அதுதான் ஏற்பாடு. அதற்குள் இவர் மறுபடியும் ஸ்பேனரை மாட்டிவிட்டார். மேலே அவன், கூலர் கழுத்தில் போட்டிருந்த ஸ்பேனரைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தான் போலிருக்கிறது.

"அந்தக் கழுதைகிட்ட சொல்லு, இழுக்காத, சும்மா பிடின்னு" என்றார் இவர்.

வழக்கம்போலக் கழுதையை எடுத்தேன். 'இழுக்காதே' என்பதும் கொஞ்சம் கடுமையாகத்தான் பட்டது. அவனுக்கும் ஐம்பத்தாறு வயதாகிறது. "துரை, மெதுவா இழுக்கணுமாம்" என்றேன்.

அவன் மெதுவாக இழுத்தான்.

இரண்டு காதும் நன்றாக இருக்கிற மனிதன். 'இழுக்காதே' என்று ஒரு முழத்துக்குக் கீழேயிருந்து தன் அத்தான் சொன்னதைக் கேட்டவன். நான் 'மெதுவாக இழு' என்றதும் இழுத்தான். என் பேச்சுக்கு அந்த வீட்டில் அவ்வளவு மதிப்பு இருந்தது. அலுமினியம் முனகியது. காய்ந்த பனையோலையைத் திருகினால் வருமே, அந்தச் சத்தம்.

"விடுல! விடு மாப்ள, விடு!"

என்னிடம் சொன்னதல்ல அது.

"விட்டாச்சு அத்தான்!"

அதுவும் என்னிடம் சொன்னதல்ல.

தெருவில் ஒரு மீன்காரர் சைக்கிள் ஹாரனை அடித்துக்கொண்டு போனார். அப்புறம் கீழேயிருந்து இவர் குரல், ரொம்ப மெதுவாக வந்தது. "நான் இழுக்காதன்னுல்லா சொன்னேன்?"

"அக்கா மெதுவா இழுன்னுல்லா சொன்னா" என்றான் துரை.

நான் கூலரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் மயிரிழை அளவுதான் முறுக்கு விழுந்திருந்தது. கிழியவில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பூரணம்" என்றார் இவர். "போய் வெந்நீர் போட்டுக் கொண்டா. நல்லாக் கொதிக்கணும்."

"பெரிய கெட்டில்லக்கா" என்றான் துரை. "அவசரமில்ல."

நெருப்பு வைக்க முடியாது, எல்லா இடத்திலும் ஆயில். அதனால் நட்டின் மேல் துணியைச் சுற்றிக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் இறுக்கம் இளகும். நியாயமான யோசனைதான். ஆனால் அந்தக் கெட்டில் நான்கு லிட்டர். நான்கு லிட்டர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? நான் அடுப்படியில் நின்றேன். அங்கேயிருந்து ஷெட்டில் பேசுவது கேட்காது. குரல் மட்டும் கேட்கும், சொல் கேட்காது. இவர் குரல், அவன் குரல், இவர் குரல். அப்புறம் நீளமாக அவன் குரல். அப்புறம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு சிரிப்பு. யாருடைய சிரிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருடைய சிரிப்பும் அவ்வளவு வருடமாக எனக்குத் தனித்தனியாகத்தான் பழக்கம்.

கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பேச்சு நின்றது. துரை என் கையிலிருந்து வாங்கி ஊற்றினான். ஆவி வந்தது.

"மாப்ள, முதல்ல கழத்துற பக்கம் வேண்டாம். முடுக்குற பக்கம் ஒரு நூல் போவோம். பூட்டு உடையும். பொறவு கழத்துவோம்."

"சரி அத்தான். பிடிச்சுட்டேன்."

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

'டிக்' என்றது. அவ்வளவுதான். பத்து வருட உப்பு 'டிக்' என்று ஒரு சொல்லில் விட்டுவிட்டது. இவர் கையாலேயே திருகி நட்டைக் கழற்றினார். கறுப்பு ஆயில் தகரத்தில் சொட்டியது. இரண்டாவது குழாய்க்குக் கெட்டில்கூடத் தேவைப்படவில்லை. "பிடி", "பிடிச்சாச்சு", "டிக்". ஒரு சொல், ஒரு சொல். பதினைந்து நிமிடத்தில் எஞ்சின் சங்கிலியில் தொங்கியது. நான் வெறும் கெட்டிலை வைத்துக்கொண்டு நின்றேன். "தள்ளி நில்லுக்கா, மேல பட்டுரும்" என்றான் துரை. அன்றைக்கு அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

சந்தோஷம்தான் சார். ஏன் சந்தோஷம் இல்லாமல்? என் கால்வலி போயிற்று. ரசம் ஒரு தடவைதான் சூடு பண்ணுகிறேன். ஒரே பந்தி. கியர் பெட்டி.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. பயம் இல்லை, உறுத்தல். பேச ஆரம்பித்தால் மனிதர்கள் பழசைப் பேசுவார்கள் இல்லையா. அன்று நீ இப்படிச் சொன்னாயாமே, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்ப்பார்கள். நாற்பது தடவை, ஒரு நாளைக்கு. பதினோரு வருடம். வண்டிக்கு அடியில் சிரிப்புக் கேட்டால் எனக்கு இங்கே பேனா நின்றுவிடும். எந்தச் சேதிக்குச் சிரிக்கிறார்கள்? கேட்டால் சொல்லிவிடலாம், இப்படி இப்படி, இன்ன காரணம் என்று. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே எடுத்துப் போட்டார். துரை எனக்கு ஒரு புது மின்விசிறி வாங்கி வந்து மேஜையில் மாட்டினான். கேட்காமல் விசிறி வாங்கிக் கொடுத்தால் என்ன அர்த்தம்?

பத்தாவது நாள் என்னால் முடியவில்லை. துரை பார்ட்ஸ் வாங்க வெளியே போயிருந்தான். இவர் கை கழுவிக்கொண்டிருந்தார், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து. பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லு."

"துரை ஒரு சேதி சொல்லச் சொன்னான். அந்த டாக்டர் வண்டி நட்டு, அவன்தான் முடுக்காமப் போனானாம். தப்பு அவனுதுதானாம். உங்ககிட்ட சொல்லிரச் சொன்னான்."

"எப்பச் சொன்னான்?"

"ஐப்பசியில."

"எந்த ஐப்பசி?"

நான் சோப்புத்தூள் டப்பாவை மூடி வைத்தேன். அவர் திருப்பிக் கேட்கவில்லை. விரல் இடுக்கை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழுவினார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நான் என் காரணங்களை எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். தூக்கம், பல்வலி, கோவில்பட்டிக் கல்யாணம்.

துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார், "அப்ப நான் சொல்லச் சொன்னதையும் சொல்லலியா?"

"எதை?"

என்னைப் பார்த்தார். "அவன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னேனே பூரணம். அதே வருசம். சொல்லிட்டேன்னு சொன்னியே."

எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை சார். துரையினுடையதை நான் மறக்கவே இல்லை, அதை எடுத்து வைத்தேன், எங்கே வைத்தேன் என்றும் தெரியும். ஆனால் இவர் என்ன சொன்னார்? என்றைக்குச் சொன்னார்? சொல்லிவிட்டேன் என்று நான் சொன்னேனாமே. எந்த வண்டிக்கு எந்த ஸ்பேனர் கேட்டார் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் இல்லை. அப்படி ஒன்று இருந்த இடம்கூட மனதில் இல்லை.

"என்ன சொல்லச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"விடு. சோறு வை" என்றார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பரிமாறும்போது கேட்டேன், துணி மடிக்கும்போது கேட்டேன். "மறந்துபோச்சு பூரணம்" என்கிறார். அவர் மறக்க மாட்டார். சின்ன வயதுக் கிணற்றுக்கு எத்தனை படி என்று சொல்கிற மனிதர். நிறத்தைத்தான் தப்பாகச் சொல்வார், மற்றதெல்லாம் சரியாகச் சொல்வார்.

முந்தாநாள் துரையைப் பிடித்தேன். அவன் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனான், குறுக்கே போய் நின்றேன்.

"துரை, அந்தச் சண்டை வருசம் அத்தான் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாவளாம். என்னவா இருக்கும்?"

அவன் சக்கரத்தை நிறுத்தவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு ஓட்டினான்.

"அதுவா? எனக்கும் மறந்துபோச்சுக்கா" என்றான்.

நான் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நான் அவனிடம் சொல்லவே இல்லையே. கொடுக்காத சேதியை அவன் எப்படி மறக்க முடியும்? நீங்கள் படித்தவர்போல இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள். இவர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே, நான் அடுப்படியில் நான்கு லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தபோதே சொல்லியிருக்கிறார், அவனும் சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து, இதை மறந்துவிடுவது என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை சார்.